பலகை மட்டத்துக்கு ஜல்லி

போன வாரப் பகுதியைப் படித்தவர்கள் அந்த ஆணியை மறந்திருக்க மாட்டார்கள். நெல்டாவால் தூக்கத்தில்கூட மறக்க முடியவில்லை.

கொட்டகையில் பழைய பலகை பிரித்துக்கொண்டிருந்த ஆர்லோ ஸ்டில்ட்னர், வலது காலில் இரண்டரை அங்குல ஆணி ஏறியது தெரியாமல் வீட்டுக்குள் நடந்து வந்தான். காப்பி ஊற்றிக்கொண்டான். மேசையில் உட்கார்ந்து பேப்பர் படித்தான். தரையெல்லாம் சிவப்பாகக் கோடு விழுந்திருப்பதைப் பார்த்து நெல்டாதான் அலறினாள். சர்க்கரை வியாதி அந்தப் பாதத்தை அடியோடு மரத்துப்போக வைத்திருந்தது.

"லீயான்கிட்ட மூச்சு விடாதே. டாக்டர்கிட்டயும்தான். வண்டிச் சாவியைப் புடுங்கிட்டாங்கன்னா அப்புறம் நான் இருந்து என்ன பிரயோஜனம்?" என்று அவள் கையைப் பிடித்துக்கொண்டு கேட்டான். முப்பத்திரண்டு வருஷக் குடித்தனத்தில் அவன் அவளிடம் கெஞ்சியது அதுதான் முதல் தடவை. நெல்டா தலையாட்டிவிட்டாள்.

ஆட்டிய தலை அன்றிலிருந்து அவளுக்குக் கனமாக இருக்கிறது.

இன்றைக்குச் சனிக்கிழமை. ராஸ்னிக் கல் டிப்போவில் நின்றுகொண்டிருந்தபோதும் அவள் கண் அவன் பூட்ஸ் மேல்தான் இருந்தது.

மகள் லீயான் இரண்டு வருஷத்துக்கு முன்னால் இரண்டு வயது ஜூனியையும் தூக்கிக்கொண்டு டென்னி என்கிற உருப்படாதவனோடு கிளம்பிப் போனவள். அன்றிலிருந்து அப்பாவும் மகளும் பேசுவதில்லை. மூன்று வாரத்துக்கு முன்னால் நாலு வயது ஜூனியை இடுப்பில் வைத்துக்கொண்டு தனியாகத் திரும்பி வந்தாள். டோ பிரான்ச் ஓடைக்கு அந்தப் பக்கம், ஆர்லோவின் அப்பா இருந்த பழைய வீட்டில் குடியேறினாள். போன வார மழை அந்த வீட்டுப் பாதையை ஓடைக்குள் இழுத்துப் போட்டுவிட்டது. காரைச் சாலையிலேயே விட்டுவிட்டுக் குழந்தையைத் தூக்கிக்கொண்டு முழங்கால் சேற்றில் போகிறாள் என்று கேள்விப்பட்டதும், ஆர்லோ தட்டைப் பார்த்துக்கொண்டே சொன்னான்: "பாதைக்கு ஜல்லி நான் கொண்டு வர்றேன்னு அவகிட்ட சொல்லு."

அவனுக்கு மன்னிப்புக் கேட்கத் தெரியாது. ஜல்லி அள்ளத்தான் தெரியும்.

டிப்போவில் லோடர் ஓட்டுகிற ஹோபர்ட், ஆர்லோவுக்குப் பள்ளிக்கூடத்துக் கூட்டாளி. வெளியூர்க்காரன் வந்தால் எடைமேடையில் ஏற்றி இறக்கி, சீட்டுக் கிழித்து, பவுண்டு சுத்தமாகக் கொடுப்பான். உள்ளூர்க்காரனை எடை போட்டால் அவமரியாதை என்று அங்கே ஒரு வழக்கம். உள்ளூர்க்காரனுக்குப் பலகை மட்டம்தான் கணக்கு.

அந்தப் பலகையில்தான் வினையே இருந்தது. வசந்த காலத்தில் பூச்செடிகளுக்கு மரப்பட்டைத் தூள் ஏற்ற, பிக்கப்பின் பின்தொட்டிக்கு மேல் ஒன்றரை அடி உயரத்துக்கு ஆர்லோ பக்கப் பலகை அடித்திருந்தான். மரப்பட்டை பஞ்சு மாதிரி. எவ்வளவு குவித்தாலும் வண்டிக்கு வலிக்காது. இது மழையில் ஊறின ஜல்லி.

முதல் பக்கெட் விழுந்ததும் வண்டியின் பின்பக்கம் முனகிக்கொண்டு உட்கார்ந்தது.

"போதும் ஹோபர்ட்!" என்று நெல்டா கையை ஆட்டினாள்.

"என்னம்மா போதும்? பலகை இன்னும் காத்து வாங்குது பாரு!" ஹோபர்ட் இரண்டாவது பக்கெட்டைத் தூக்கினான். "டேய் ஆர்லோ, உன் பொண்டாட்டி எப்ப போலீஸ்ல சேர்ந்தா?"

"கல்யாணத்தன்னிக்கே சேர்ந்துட்டா. எனக்குத்தான் தாமதமா தெரிஞ்சுது."

இரண்டு பேரும் சிரித்தார்கள். ஜல்லி கொட்டியது. ஆர்லோ மண்வெட்டியோடு பின்தொட்டியில் ஏறி, கணுக்கால் புதைய நின்று, ஜல்லியை நாலு மூலைக்கும் தள்ளி நிரவினான். பலகைக்கும் ஜல்லிக்கும் இடையே இன்னும் நாலு விரல் இடம் இருந்தது.

"இது என் பங்கு. குழந்தை சேத்துல நடக்கக் கூடாது பாரு!" என்று ஹோபர்ட் இன்னொரு அரை பக்கெட்டைச் சரித்தான்.

நல்ல மனுஷன். அவன் மேல் கோபப்படவும் முடியாது. ஆனால் நெல்டா வண்டியைச் சுற்றி வந்து பார்த்தாள். பின்சக்கரங்கள் வண்டிக்குள் பாதி மறைந்துவிட்டன. மூக்கு மேலே தூக்கிக்கொண்டு, முன்விளக்குகள் மரக்கிளையைப் பார்த்துக்கொண்டிருந்தன.

"ஆர்லோ, முக்கால் டன் தாங்குற வண்டி இது. மேல ரெண்டு டன்னுக்குக் கம்மியில்லை. பாதியை இறக்கு. ரெண்டு நடையா கொண்டு போலாம்."

"ரெண்டு நடைக்கு வெளிச்சம் ஏது? மெதுவா போனா ஆச்சு."

"உன் காலு..." என்று ஆரம்பித்தாள்.

அவன் சட்டென்று திரும்பிப் பார்த்தான். ஐந்தடி தள்ளி லீயான் காரில் சாய்ந்து நின்றுகொண்டிருந்தாள். நெல்டா வாயை மூடிக்கொண்டாள். மூடின வாயைப் பிற்பாடு எத்தனை தரம் சபித்துக்கொண்டாள் என்பதற்குக் கணக்கில்லை.

லீயான் வந்ததற்குக் காரணம் இருந்தது. டோ பிரான்ச் இறக்கம் ஒற்றை வண்டிச் சாலை. பாரம் ஏற்றின வண்டி இறங்கும்போது முன்னால் ஒரு சின்னக் கார் வழிகாட்டிப் போக வேண்டும். எதிரே வண்டி வந்தால் அதை அகலமான இடத்தில் நிறுத்திவைக்க அதுதான் வழி. பின்னால் வருகிறவன் நீளமாக ஒரு ஹாரன் அடித்தால் 'நில்'. குட்டியாக இரண்டு அடித்தால் 'போய்க்கிட்டே இரு'. அந்த மலையில் பிறந்த குழந்தைக்குக்கூட இது தெரியும்.

"அவகிட்ட சொல்லு. ரொம்ப முன்னால ஓடிட வேணாம், எனக்குக் கண்ணுல தெரியற மாதிரி போகணும்" என்றான் ஆர்லோ.

"என் காதுலயே விழுதும்மா. நான் என்ன அடுத்த ஜில்லாவுலயா நிக்கிறேன்?" என்றாள் லீயான்.

"காதுல விழுதாம்" என்று நெல்டா ஆர்லோவிடம் சொன்னாள். வேறு நாளாக இருந்தால் அவளுக்கே சிரிப்பு வந்திருக்கும்.

"குழந்தையை எங்க கூட ஏத்திக்கட்டுமா?" என்று ஆர்லோ பொதுவாகக் காற்றைக் கேட்டான்.

"வேணாம்!" நெல்டா கத்தியே விட்டாள். இரண்டு பேரும் திகைத்துப் பார்த்தார்கள். "குழந்தை சீட்டு இங்க இல்ல. அது காருல மாட்டியிருக்கு" என்று சமாளித்தாள்.

கிளம்பினார்கள்.

முகட்டுச் சாலை சமதளம்தான். மூன்று மைல். உதிர்ந்த இலைகள் ஈரத்தோடு ஒட்டிக் கிடந்தன. ஸ்டியரிங் ஆர்லோவின் கையில் காற்றைப் பிடித்தமாதிரி லேசாகச் சுழன்றது. பாரம் முழுக்கப் பின்னால், முன்சக்கரம் தரையைத் தொட்டும் தொடாமலும் போகிறது என்று நெல்டாவுக்குப் புரிந்தது. கதவுக் கைப்பிடியைப் பிடித்த கையை அவள் எடுக்கவே இல்லை.

ஆர்லோவோ சந்தோஷமாக இருந்தான். "பாத்தியா? காதுல விழுதாம்! ரெண்டு வருஷத்துல இன்னிக்குத்தான் என் பேச்சுக்கு அவ பதில் சொல்லியிருக்கா."

"சாலையைப் பாரு."

"ஜல்லியைப் பரப்பிட்டு அந்தப் பின்படியையும் சரி பண்ணித் தரணும். நாளைக்கே."

முன்னால் நாற்பது கஜத்தில் லீயானின் பச்சைக் கார் போய்க்கொண்டிருந்தது. பின்கண்ணாடியில் ஜூனியின் சிவப்புத் தொப்பி தெரிந்தது.

இறக்கம் ஆரம்பிக்கிற இடத்துக்குக் கொஞ்சம் முன்னால் நெல்டாவுக்கு அந்த வாசனை வந்தது. ரப்பரும் இரும்பும் கருகுகிற வாசனை.

"எதோ தீயுது ஆர்லோ."

"ஹோபர்ட் வண்டி எண்ணெய்ப் புகையா இருக்கும். துணியில ஒட்டியிருக்கும்."

நெல்டா குனிந்தாள். அவன் காலைப் பார்த்தாள்.

பூட்ஸின் வலது பாதி ஆக்ஸிலரேட்டரை மிதித்துக்கொண்டிருந்தது. இடது பாதி பிரேக் மேல் கிடந்தது. மிதித்துக்கூட இல்லை, மறந்துவைத்த செங்கல் மாதிரி சும்மா கிடந்தது. அதன் கனத்தில் பெடல் ஓர் அங்குலம் உள்ளே போயிருந்தது. டிப்போவிலிருந்து மூன்று மைலும் இப்படியே வந்திருக்கிறான். இரண்டு டன் ஜல்லியோடு.

"காலை எடு. பிரேக்கிலேர்ந்து காலை எடு!"

"கால் அதுமேல இல்லையே" என்றான் ஆர்லோ.

விளையாடவில்லை. சத்தியமாகச் சொன்னான். அவனுக்குத் தெரியவில்லை.

அவள் கையை நீட்டி அவன் முழங்காலைப் பிடித்து இழுத்தாள். அவன் குனிந்து பார்த்தான். முகத்தில் ரத்தமே இல்லை. அப்போதே நிறுத்தியிருக்கலாம். நிறுத்தத்தான் அவனும் மிதித்தான். ஆனால் முகடு முடிந்து முன்சக்கரம் இறக்கத்தில் மூக்கை நுழைத்துவிட்டது.

பெடல் வெண்ணெயில் போன கத்தி மாதிரி அடி வரைக்கும் போயிற்று. மூன்று மைல் தேய்ந்து வெந்துபோன பிரேக் பிடிக்கவில்லை; வண்டி நிற்கவில்லை.

"மிதிக்கிறியா? நெஜமா மிதிக்கிறியா?"

"மிதிக்கிறேன்டி! தரையோட மிதிக்கிறேன்!"

"பார்க்கிங் பிரேக்கு?"

"அது துருப்பிடிச்சு ரெண்டு வருஷமாச்சு." என்றாலும் இடது காலால் அந்தச் சின்னப் பெடலை ஓங்கி உதைத்தான். எங்கேயோ கம்பி அறுகிற சத்தம் மட்டும் கேட்டது.

கியரை ஒன்றுக்கு இழுத்தான். எஞ்சின் கொலை விழுந்தமாதிரி அலறியது. வேகம் கொஞ்சம் குறைந்தது. பின்னாலிருந்த ஜல்லி அதையும் தள்ளிக்கொண்டு வந்தது.

முதல் வளைவு. டயர் இலையில் வழுக்கி, எப்படியோ திரும்பியது. இடது பக்கம் அதலபாதாளம். அடியில் ஓடை. பச்சைக் கார் நாற்பது கஜத்திலிருந்து முப்பதுக்கு வந்திருந்தது.

ஆர்லோவின் உள்ளங்கை தானாக ஹாரன் மேல் போயிற்று. நெல்டா அதைத் தட்டிவிட்டாள்.

"நீளமா அடிச்சா அவ நின்னுடுவா! நடுரோட்டுல நின்னுடுவா ஆர்லோ!"

நெல்டாவே எட்டி அடித்தாள். குட்டியாக இரண்டு. மறுபடி இரண்டு. மறுபடி இரண்டு. போ, போ. என் கண்ணே, போய்க்கிட்டே இரு. வாய்விட்டே சொன்னாள். கர்த்தரைக் கூப்பிட்டாளா மகளைக் கூப்பிட்டாளா என்று அவளுக்கே தெரியவில்லை.

லீயானுக்கு எப்படிப் புரியும்? போய்க்கொண்டுதானே இருக்கிறோம், இத்தனை ஹாரன் எதற்கு என்று யோசித்திருப்பாள். யோசிக்கிறவர்கள் செய்வதையே செய்தாள். கண்ணாடியில் பார்ப்பதற்காக வேகத்தைக் குறைத்தாள்.

இருபது கஜம். சிவப்புத் தொப்பி திரும்பியது. ஜூனி தாத்தாவின் வண்டியைப் பார்த்துக் கையை ஆட்டினாள்.

"ஐயோ!" என்றாள் நெல்டா. அவ்வளவுதான் வந்தது.

அடுத்த வளைவு தாண்டினால் ஓடைப் பாலம். கைப்பிடி இல்லாத குறுகல் பாலம். அங்கே லீயான் எப்படியும் கிட்டத்தட்ட நின்றுதான் ஏறுவாள். எல்லாருமே அப்படித்தான் ஏறுவார்கள்.

"நெல்டா, என் பக்கம் வா" என்றான் ஆர்லோ. குரல் திடீரென்று நிதானமாகிவிட்டது. அந்த நிதானம்தான் அவளை அதிகம் பயமுறுத்தியது.

"எதுக்கு?"

"உன் பக்கம் மலை. வண்டியை அதுல சாத்தப் போறேன். வா! மடியில ஏறினாலும் சரி!"

அவள் பெல்ட்டைக் கழற்றி, நீள சீட்டில் நகர்ந்து அவன் தோளில் முகத்தைப் புதைத்தாள். அவன் ஸ்டியரிங்கை வலது பக்கம் ஒடித்தான்.

முதலில் பக்கக் கண்ணாடி போயிற்று. பிறகு அவள் உட்கார்ந்திருந்த பக்கத்துக் கதவு. மண்சுவர் தகரத்தைச் சுரண்டிய சத்தம் அவள் பல்லுக்குள் கேட்டது. ஜன்னல் கண்ணாடி பொடிப்பொடியாக உள்ளே கொட்டியது. பக்கப் பலகை முறிந்தது, ஜல்லி சோவென்று சாலையில் சரிந்தது. வண்டி ஒரு வேரில் மோதி, உதறி, சாலையோர வாய்க்காலுக்குள் ஒரு பக்கமாகச் சாய்ந்து நின்றது.

நின்றேவிட்டது.

நெல்டா கண்ணைத் திறந்தாள். அவள் உட்கார்ந்திருந்த இடத்தில் கதவின் தகரம் கை அகலத்துக்கு உள்ளே வந்திருந்தது. தலைக்கு வந்தது தலைப்பாகையோடு போயிற்று என்பார்கள். அவளுக்கு அந்தத் தகரத்தைப் பார்க்கப் பார்க்கப் பல் கிட்டித்துக்கொண்டது.

பத்துக் கஜம் கீழே, பாலத்துக்கு முன்னால், பச்சைக் கார் நின்றிருந்தது. லீயான் ஜூனியைத் தூக்கிக்கொண்டு ஓடி வந்தாள்.

"அம்மா! அப்பா! அப்பா!"

ஆர்லோ தன் பக்கக் கதவைத் தள்ளி இறங்கினான். நெல்டாவைக் கைகொடுத்து இறக்கினான். லீயான் அவன்மேல் வந்து விழுந்தாள். குழந்தை இரண்டு பேருக்கும் நடுவில் நசுங்கியது.

"அப்பா, என்ன ஆச்சுப்பா?"

இரண்டு வருஷத்துக்குப் பிறகு மகள் நேருக்கு நேராகக் கேட்ட முதல் கேள்வி. ஆர்லோ நெல்டாவைப் பார்த்தான். நெல்டா அவனைப் பார்த்தாள்.

"பிரேக்கும்மா" என்றான் ஆர்லோ. "கிழட்டு வண்டி. பாரம் வேற அதிகம். ஹோபர்ட் பய கொட்டிட்டான்."

பொய் என்று சொல்ல முடியாது. அதுதான் அதிலிருந்த மோசம்.

"எங்களைக் காப்பாத்தத்தானே மலையில மோதினீங்க? நான் பாத்தேன்ப்பா. கண்ணாடியில பாத்தேன்." லீயான் மூக்கைத் துடைத்துக்கொண்டு அழுதாள், சிரித்தாள். "நான் ஒரு மடச்சி. ரெண்டு வருஷம் ஒரு போன் பண்ணல."

"விடு, விடு. நானும்தான் பண்ணல."

"அப்பா, நான் ஒண்ணு கேக்கணும்னு மூணு வாரமா வாயில வச்சிருக்கேன். திங்கக்கிழமை எனக்கு வேலை. ஆஸ்பத்திரி சமையல்கட்டுல, காலம்பர அஞ்சரைக்கு. ஜூனியைப் பள்ளியில கொண்டு விட ஆள் இல்ல. என் காரை வச்சுக்கிட்டு நீங்க தினமும் கொண்டுபோய் விடுறீங்களா? நான் பஸ்ஸுல போய்க்கிறேன்."

ஆர்லோவின் முகம் மலர்ந்ததை நெல்டா பார்த்தாள். இருபது வயசு குறைந்தமாதிரி மலர்ந்தது.

"இது கேக்கணுமா? நான் விடுறேன். மழையோ பனியோ, நான் விடுறேன்" என்றான்.

"தாத்தா கார்ல!" என்று ஜூனி கைதட்டினாள்.

நெல்டாவுக்கு வேறொன்று தெரிந்தது. காலை இருட்டில், உறைபனியில், இதே இறக்கத்தில், பின்சீட்டில் சிவப்புத் தொப்பியோடு ஜூனி. பெடல்மேல் அந்தக் கால்.

அவன் கையைப் பிடித்துக்கொண்டு கெஞ்சியதும் நினைவுக்கு வந்தது. இன்றைக்குத்தான் மனுஷனுக்கு மகள் கிடைத்திருக்கிறாள்.

"ஆர்லோ" என்றாள். "பூட்ஸைக் கழட்டு."

"என்ன?"

"வலது கால் பூட்ஸ். கழட்டு."

"நெல்டா, வேணாம்." மெதுவாகச் சொன்னான். கண்ணால் கெஞ்சினான். "நீ வாக்குக் குடுத்திருக்கே."

"குடுத்தேன். திருப்பி வாங்கிக்கிறேன்."

"என்னம்மா இது? அடிபட்டிருக்கா?" லீயான் இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தாள்.

ஆர்லோ அசையவில்லை. ஜூனிதான் அம்மாவின் கையிலிருந்து இறங்கி, விளையாட்டு என்று நினைத்துக்கொண்டு, தாத்தாவின் பூட்ஸ் கயிற்றை இழுத்தாள். அவன் குழந்தையைத் தள்ளவில்லை. வண்டியில் சாய்ந்து, காலைத் தூக்கிக் கொடுத்தான். அவளுடைய சின்னக் கை பூட்ஸைப் பிடுங்கியது.

உள்ளிருந்து ஒரு ஜல்லிக் கல் உருண்டு விழுந்தது. பாக்குக்கொட்டையைவிடப் பெரிசு, கத்தி முனை மாதிரி மூலைகள். பின்தொட்டியில் நின்று நிரவினானே, அப்போது பூட்ஸுக்குள் போனது. அதன்மேல் நடந்திருக்கிறான், நின்றிருக்கிறான், பிரேக்கைத் தரையோடு மிதித்திருக்கிறான். காலுறை குதிகால்வரை நனைந்து சிவந்திருந்தது. ஓரங்கள் காய்ந்து கறுத்தும் போயிருந்தன.

"தாத்தா, இவ்ளோ பெரிய கல்லு! வலிக்கலையா?" என்றாள் ஜூனி.

ஆர்லோ அந்தக் காலை யாருடைய காலையோ பார்ப்பதுபோலப் பார்த்தான்.

லீயான் கல்லைப் பார்த்தாள். காலுறையைப் பார்த்தாள். மேலே இறக்கத்தில் சிதறிக் கிடந்த ஜல்லியைப் பார்த்தாள். அவள் புத்திசாலி. யாரும் விளக்கிச் சொல்ல வேண்டியிருக்கவில்லை. குழந்தையை மெல்லத் தன் பக்கம் இழுத்துக்கொண்டாள். ஆனால் அவள் கேள்வி கேட்டது அப்பாவை அல்ல.

"அம்மா, உனக்கு இது எத்தனை நாளா தெரியும்?"

பதினோரு நாள். நெல்டாவுக்கு நாள் தவறாமல் தெரியும். அந்தப் பதினோரு நாளில் இரண்டு தடவை, ஐஸ்கிரீம் வாங்கித் தருகிறேன் என்று ஆர்லோ, லீயான் நெல்டாவிடம் விட்டுப்போன ஜூனியை இதே வண்டியில் ஏற்றிப் போயிருந்தான். இரண்டு தடவையும் வாசலில் நின்று கையசைத்து அனுப்பியவள் நெல்டா.